விடியற்காலைத் தண்ணீர்



ஒரு புட்டித் தண்ணீரிலிருந்து பேச்சைத் தொடங்குகிறேன். முந்நூறு மில்லி பிடிக்கும் கண்ணாடிப் புட்டி அது. மூடியும் கண்ணாடிதான். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளப்பதற்கென்றே செய்தது. ஏரிக்குள் இறங்கி அதை மெதுவாகச் சாய்த்து, ஒரு குமிழிகூட உள்ளே தங்காமல் நிரப்ப வேண்டும். குமிழி தங்கினால் வெளிக்காற்றின் ஆக்சிஜனும் கணக்கில் சேர்ந்துவிடும். நிரப்பியதும் கரையில் உட்கார்ந்தபடியே மாங்கனீஸ் சல்பேட் கரைசல் கொஞ்சம், காரம் கலந்த அயோடைடு கரைசல் கொஞ்சம் விட்டு, மூடி, கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குவோம். உள்ளே மேகம் போல ஒன்று திரளும். ஆக்சிஜன் இருந்தால் அந்த மேகம் காப்பிப்பொடி நிறம். இல்லாவிட்டால் வெள்ளை. ஹங்கேரி நாட்டு வேதியியலாளர் விங்க்ளர் 1888இல் சொன்ன முறை இது. இன்றைக்கும் நம் கல்லூரி மாணவர்கள் இதைத்தான் முதலில் கற்கிறார்கள்.

முப்பது வருடங்களுக்கு முன்னால் நானும் அப்படி ஒரு மாணவன். தாம்பரத்துக்குக் கிழக்கே உள்ள ஏரிகளில் ஒன்றில் நுண்ணுயிரிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். வாரத்துக்கு ஒருமுறை, புட்டிகளைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போவேன். காலை பத்து மணிக்குத் தண்ணீர் எடுப்பேன். பத்து மணி என்பதற்கு அறிவியல் காரணம் எதுவும் கிடையாது. அப்போது எடுத்தால்தான் மத்தியானத்துக்குள் ஆய்வுக்கூடம் திரும்ப முடியும், அவ்வளவுதான். ஆறு மாதம் இப்படியே போயிற்று. ஒவ்வொரு வாரமும் நல்ல காப்பிப்பொடி நிறம். ஏரி ஆரோக்கியமாக இருக்கிறது என்று என் நோட்டில் எழுதிவைத்தேன்.

அந்த ஏரியில் வலை போடும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஒருநாள் மதகுமேல் உட்கார்ந்து வலையைப் பிரித்தபடி கேட்டார்: “தம்பி, வெயில் ஏறினப்புறம் வந்து தண்ணி மொண்டுகினு போறியே, ராத்திரிக்கு இது இன்னா பாடு படுதுன்னு உனுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க ஐயா” என்றேன்.

“விடியக்காத்தால வந்து பாரு. கெண்டையெல்லாம் மேல வந்து வாயத் தொறந்துகினு நிக்கும். மூச்சு முட்டிப்போய் நிக்கும்.”

மறுநாள் நாலரை மணிக்குப் போனேன். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், கரையோரம் முழுக்க வட்ட வட்டமாகச் சிறு வாய்கள், திறந்து மூடிக்கொண்டிருந்தன. புட்டியை நிரப்பினேன். கரைசல்களை விட்டுக் கவிழ்த்தேன். திரிந்த பால் போல வெள்ளையாகத் திரண்டது. கை நடுங்கி, சரியாகச் செய்யவில்லையோ என்று இன்னொரு புட்டி எடுத்தேன். அதுவும் வெள்ளை. ஆறு மாதமாக நான் ஆரோக்கியமான ஏரி என்று எழுதிவைத்தது, தினமும் இரவு மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஏரியை.

காரணம் எளிது. கழிவுநீர் கலந்து ஊட்டம் மிகுந்துபோன ஏரியில் பாசி பெருகும். பகலில் வெயில் பட்டால் அந்தப் பாசி ஆக்சிஜனைக் கொட்டும். சாதாரணமாக 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏழரை மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜன் கரையும். பாசி மண்டிய ஏரியில் மத்தியானம் அதற்கும் மேலே போய்விடும். பொழுது சாய்ந்ததும் ஆக்சிஜன் உற்பத்தி நின்றுவிடுகிறது. ஆனால் மூச்சுவிடுவது யாருக்கும் நிற்பதில்லை. பாசியும் மீனும் சேற்றிலுள்ள கோடானுகோடி பாக்டீரியாக்களும் இரவு முழுக்க அதே இருப்பைக் கரைத்துக்கொண்டே இருக்கின்றன. விடிவதற்குச் சற்று முன் கணக்கு தீர்ந்துபோகிறது. சூரியன் வந்த பிறகு மறுபடி ஏறத் தொடங்குகிறது. பத்து மணிக்குப் போகிறவனுக்கு இதில் ஒன்றுமே தெரியாது.

இதை எனக்கு முன்னால் உணர்ந்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எஸ். வி. கணபதி. நம் நாட்டில் குளங்களையும் ஏரிகளையும் முறையாக ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர். 1940இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் ஒரு கோயில் குளத்தைப் பற்றி எழுதினார். மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி நிரந்தரமாகப் படர்ந்திருந்த குளம் அது. அடுத்த ஆண்டு, சென்னை நகரத்தின் தோட்டக் குளம் ஒன்றில் பருவத்துக்குப் பருவம் தண்ணீர் எப்படி மாறுகிறது என்று எழுதினார். 1943இல் இன்னொரு தோட்டக் குளம். எல்லாம் நாம் நின்றுகூடப் பார்க்காமல் கடந்துபோகிற தண்ணீர். என்னை மிகவும் தொட்டது 1955இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான். மேட்டூர் அணைக்குக் கீழே ஆற்றுப் படுகையில், பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீர். கொஞ்ச காலத்தில் வற்றிப்போகிற மூன்று குழிகள். அவற்றில் இரவும் பகலும் வாயுக்களும் கார அமிலத் தன்மையும் எப்படி ஏறி இறங்குகின்றன என்று அளந்திருக்கிறார். பாறைக் குழிக்காகத் தூக்கம் விழித்த ஆராய்ச்சியாளர். அந்தக் கட்டுரையை நூலகத்தில் படித்தபோது, மதகுமேல் உட்கார்ந்திருந்த பெரியவர்தான் என் கண்முன் வந்தார்.

மைக்ரோசிஸ்டிஸ் பற்றி ஒன்று. இந்தப் பாசியின் உடலுக்குள் காற்றுப் பைகள் உண்டு. அதனால் மேலே மிதந்து வந்து, பச்சைப் பெயிண்டைக் கொட்டியது போலப் படர்ந்துவிடும். இதில் சில வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அப்படிப் படர்ந்த தண்ணீரில் மாட்டைக்கூட இறக்காதீர்கள்.

சரி, கண்ணுக்குத் தெரிகிற பாசியை விடுங்கள். சாதாரண ஏரித் தண்ணீர் ஒரு மில்லியில் சுமார் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றை எண்ண அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்த வழி, கண்ணாடித் தட்டில் அகர் ஊற்றி அதில் வளர்ப்பது. வளர்ந்த புள்ளிகளை எண்ணுவோம். பிறகுதான் புரிந்தது, ஏரியில் உயிரோடு இருப்பவற்றில் நூற்றுக்கு ஒன்றுகூட அந்தத் தட்டில் வளர்வதில்லை. நாம் போடுகிற சாப்பாடு எதற்குப் பிடிக்கிறதோ அது மட்டும்தான் வளரும். பிடிக்காதவை இருந்தும் இல்லாதவையாகிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி நான் வேறு திசைக்குப் போன கதை.

நாற்பது வயதைத் தாண்டிய சமயம். என் தூக்கம் கெட்டுப்போயிற்று. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வரும். பழைய பேச்சுகள், செய்யாமல் விட்ட வேலைகள், யாரோ என்றோ சொன்ன ஒரு சொல், எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். பகலில் யாராவது கேட்டால் “நல்லாத்தான் இருக்கேன்” என்பேன். பொய்யில்லை, பகலில் நன்றாகத்தான் இருந்தேன். ஒரு நண்பர், திருநீர்மலைக்கு அப்பால் திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது என்ற விபாசனா மையத்தைச் சொன்னார். மியான்மரின் மாந்தலேயில் 1924இல் பிறந்து, 1969இல் இந்தியா வந்து இந்தத் தியானத்தைக் கற்றுக்கொடுத்த எஸ். என். கோயங்காவின் வழியில் நடக்கும் மையம். பத்து நாள் பயிற்சி. கட்டணம் கிடையாது. பத்தாம் நாள் காலை வரை பேச்சில்லை; படிப்பும் எழுத்தும் பத்து நாளும் இல்லை. காலை நாலு மணிக்கு மணி அடிப்பார்கள்.

முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம், மாற்ற வேண்டாம், உள்ளே போவதும் வெளியே வருவதும் தெரிந்தால் போதும். பிறகு உடம்பில் தோன்றும் உணர்ச்சிகள் ஒவ்வொன்றாக. முழங்கால் வலித்தது, முதுகு வலித்தது, அதையெல்லாம் விவரிக்கப் போவதில்லை. நாலாவது நாள் எனக்குப் புலப்பட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். விடியற்காலை நாலரை மணிக்கு உட்காரும்போது என் மனத்தில் இருந்த பயம், ஒன்பது மணிக்கு உட்காரும்போது இல்லை. சாயங்காலம் வேறொரு எரிச்சல். இரவுப் பாடம் முடிகிறபோது ஒரு சோர்வு. மறுநாள் விடியலில் அதே பயம். நாளுக்கு நாள் இதே ஏற்ற இறக்கம். எனக்கு அந்த வெள்ளைப் புட்டி நினைவுக்கு வந்தது. இத்தனை வருடமும் என் மனத்தை நான் பத்து மணிக்கு மட்டும் மொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பயிற்சியை உலகம் முழுக்க இப்போது மைண்ட்ஃபுல்னஸ் என்கிறார்கள். பாலி மொழியில் ‘சதி’ என்ற சொல். இலங்கையில் ஆங்கில அரசின் அதிகாரியாக இருந்து பாலி கற்ற ரைஸ் டேவிட்ஸ், 1881இல் வந்த தம் மொழிபெயர்ப்பில் அதற்கு இந்த ஆங்கிலச் சொல்லைப் போட்டார். தமிழில் விழிப்புணர்வு என்கிறோம், மனவிழிப்பு என்கிறோம். விழிப்புணர்வு என்றால் எனக்குத் தெருவில் போகும் பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம்தான் ஞாபகம் வருகிறது. சதி என்ற சொல்லுக்கு அடிப்படைப் பொருள் நினைவு, ஞாபகம். சமஸ்கிருதத்தில் ஸ்மிருதி. நினைவுக்கும் இந்த நொடியைக் கவனிப்பதற்கும் என்ன தொடர்பு என்று அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நம் வீட்டு அடுப்படியில் அது எப்போதோ தீர்ந்துபோன விஷயம். பால் பொங்கி வழிகிறது. பக்கத்திலேயே நிற்கிற பெண்ணிடம் அம்மா கேட்கிறாள், “ஏண்டி, ஞாபகம் எங்கே இருக்கு உனக்கு?” அவள் கேட்பது பழைய நினைவைப் பற்றி இல்லை. இந்த நொடியில் உன் மனம் எங்கே என்பதுதான் கேள்வி. ‘நெனப்பு எங்க போச்சு’ என்பதும் அதேதான். சதி என்பதற்கு இதைவிடச் சரியான தமிழ் எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்க மருத்துவமனைகளுக்குள் இதைக் கொண்டுபோனவர் ஜான் கபாட்-சின். அவர் எங்கிருந்து வந்தார் தெரியுமா? அவரும் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவர். எம்.ஐ.டி.யில் 1971இல் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம். வழிகாட்டி சால்வடோர் லூரியா, பாக்டீரியாக்களையும் அவற்றைத் தாக்கும் வைரஸ்களையும் ஆராய்ந்து 1969இல் நோபல் பரிசு பெற்றவர். 1979இல் கபாட்-சின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தீராத வலியோடு அலைகிற நோயாளிகளுக்காகப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். இன்று உலகில் நடக்கும் மைண்ட்ஃபுல்னஸ் ஆராய்ச்சியில் பெரும்பகுதி அந்தப் பயிற்சியிலிருந்து கிளைத்ததுதான். நுண்ணுயிரியிலிருந்து மனத்துக்குப் போன பாதை எனக்கு மட்டும் உரியதல்ல என்று அறிந்தபோது தெம்பாக இருந்தது.

ஆனால் ஓர் இடத்தில் அவரோடு நான் ஒத்துப்போகவில்லை. அவர் சொல்லித்தரும் பயிற்சிகளில் ஏரித் தியானம் என்று ஒன்று உண்டு. உன்னை ஓர் ஏரியாகப் பாவித்துக்கொள், மேலே அலையடித்தாலும் ஆழத்தில் அசைவற்ற அமைதி இருக்கிறது என்பது அதன் சாரம். நம் ஊர்ச் சொற்பொழிவுகளிலும் இதைக் கேட்டிருப்பீர்கள், மனம் தெளிந்த நீர்நிலை போல இருக்க வேண்டும் என்று. ஆழமான மலை ஏரிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது பொருந்தலாம். எங்கள் பக்கத்து ஏரியில் இடுப்பளவுத் தண்ணீர். அடியில் கால் வைத்தால் கறுப்புச் சேறு. அந்தச் சேற்றில் ஆக்சிஜனே இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் சுவாசித்து, அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவை விடுகின்றன. அதற்கும் கீழே மீத்தேன் உண்டாகிக் குமிழிகளாக மேலே வருகிறது. தெளிந்து தெரிகிற தண்ணீரிலும் ஒவ்வொரு சொட்டிலும் ஒன்றையொன்று தின்பதும், தின்னப்படுவதும், பிளந்து பெருகுவதும் நடந்துகொண்டே இருக்கிறது. உயிருள்ள ஏரி எதிலும் அமைதி கிடையாது. மனமும் அப்படித்தான் என்று நான் நம்புகிறேன். அதை அசைவில்லாமல் நிறுத்த முயன்ற நாட்களில்தான் நான் அதிகம் துன்பப்பட்டேன். இங்கே இது இருக்கிறது, இந்த நேரத்தில் இது ஏறுகிறது என்று பார்க்கத் தொடங்கிய பிறகு மூன்று மணிப் பயம் வந்தது, இருந்தது, போயிற்று. இப்போதும் வருகிறது. அதன் நேரம் எனக்குத் தெரியும்.

இன்னொன்று. ஏரித் தண்ணீரைப் புட்டியில் அடைத்து வைத்தால் சில மணி நேரத்திலேயே அது வேறு தண்ணீராகிவிடும். சில பாக்டீரியாக்கள் பெருகும், சில செத்துவிடும். அதனால்தான் ஆக்சிஜனைக் கரையிலேயே உட்கார்ந்து பிடிக்கிறோம். பத்து நாள் பயிற்சியில் பார்த்த மனமும் புட்டிக்குள் அடைத்த தண்ணீர் மாதிரிதான். தாம்பரத்தில் ஏறி கடற்கரை ரயிலில் நிற்கும்போது, குரோம்பேட்டையில் கூட்டம் நெரிக்கும்போது, பல்லாவரத்தில் ஒருவர் காலை மிதித்துவிட்டு நம்மையே முறைக்கும்போது, அங்கே பார்க்க வேண்டும். அதுதான் கரை.

இதை ஆராய்ச்சியாகச் செய்தவர்களும் உண்டு. ஹார்வர்டில் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2010இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டது. 2,250 பேருடைய கைப்பேசிக்கு, நாளின் எந்த நேரத்திலாவது திடீரென்று ஒரு கேள்வி போகும்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, வேறெங்காவதா? கிட்டத்தட்ட 47 சதவீதத் தடவைகளில் மனம் செய்கிற வேலையில் இல்லை. அந்தத் தடவைகளில் மகிழ்ச்சியும் குறைவு. எனக்கு இந்த எண்ணைவிட அந்த முறைதான் பிடித்தது. சொல்லாமல் கொள்ளாமல் போய்த் தண்ணீர் மொள்ளுகிற முறை அது.

மைண்ட்ஃபுல்னஸ் எல்லா நோய்க்கும் மருந்து என்று விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களை நம்பாதீர்கள். 2014இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த பெரிய தொகுப்பாய்வு, 3,515 பேர் கலந்துகொண்ட 47 சோதனைகளை அலசியது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான பயன் தெரிகிறது என்றது. மற்ற வழிகளைவிட, அதாவது மருந்தையோ உடற்பயிற்சியையோ விட, மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் சொன்னது. மிதமான பயனும் பயன்தான். ஆனால் கடுமையான மனச்சோர்வில் இருப்பவர், வாழ வேண்டாம் என்ற எண்ணம் வருபவர், முதலில் போக வேண்டியது மருத்துவரிடம். இன்னொரு தயக்கமும் எனக்கு உண்டு. இந்தச் சோதனைகளில் பெரும்பாலும் மனத்தை அளப்பது கேள்வித்தாள்தான். தட்டில் வளரும் பாக்டீரியாவைச் சொன்னேனே, அது போலத்தான். கேட்ட கேள்விக்கு மனத்தில் எதற்குப் பதில் சொல்லத் தெரிகிறதோ அது மட்டும் கணக்கில் ஏறுகிறது. மீதி எவ்வளவு ஏரியிலேயே நின்றுவிடுகிறதோ!

ஏரிக்கு வருகிறேன். சேலையூரில் நிரம்பி வழியும் தண்ணீர் ராஜகீழ்ப்பாக்கத்துக்கு, அங்கிருந்து செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கி இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேரும். சங்கிலி ஏரிகள். ஓர் ஏரியின் கலங்கல் அடுத்த ஏரிக்கு வரவு. பள்ளிக்கரணை 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்று உலகம் மதிக்கும் சதுப்பு நிலமாகிவிட்டது. நல்லது. ஆனால் மேலேயுள்ள ஏரியில் விழும் சாக்கடையும் அதே சங்கிலி வழியாகத்தான் அங்கே போகிறது. எங்கள் வீட்டில் ஊற்றுகிற சோப்புத் தண்ணீரின் பாஸ்பேட், கழிவுநீரின் நைட்ரஜன், இவை உள்ளே போகும்வரை பாசி பெருகும், விடியலில் மீன் வாய் திறக்கும். கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பதால் ஒரு சாக்கடைக் குழாய்கூட அடைபடாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்களைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். குழாயை அடைக்க மனு வேண்டும், பணம் வேண்டும், விடாமல் கேட்கும் மக்கள் வேண்டும். ஆனால் எந்த நேரத்தில் ஏரி திணறுகிறது என்று கண்ட ஒருவராவது இல்லாமல் அந்த மனுவை எழுத முடியாது. ஆவணத்தில் பத்து மணித் தண்ணீர்தான் இருக்கும்.

விடைபெறுமுன் வீட்டில் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி காட்டிய வழி, பிள்ளைகளோடு செய்யலாம். உயரமான கண்ணாடி பாட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஏரிக்கரையிலிருந்து கறுப்புச் சேறு கொஞ்சம், கையுறை போட்டு எடுங்கள். பழைய செய்தித்தாளைப் பொடியாகக் கிழித்து, வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவோடு சேற்றில் பிசைந்து, பாட்டிலில் முக்கால் பங்கு நிரப்புங்கள். மேலே ஏரித் தண்ணீர். மூடியை இறுக்காமல் தளர்வாக வையுங்கள், உள்ளே வாயு சேரும். நேர் வெயில் படாத, வெளிச்சமான ஜன்னலில் வைத்துவிடுங்கள்.

முதல் வாரம் ஒன்றும் நடக்காது. சேறு சேறாகவே இருக்கும். தினமும் ஒருமுறை பாருங்கள், ஒவ்வொரு நாள் ஒவ்வொரு நேரத்தில். பாட்டிலை அசைக்காதீர்கள், கிளறாதீர்கள். சில வாரம் போனால் மேலே பச்சை தட்டும், அடியில் இன்னும் கறுக்கும். நடுவே கண்ணாடியை ஒட்டி, நாவல்பழச் சாறு தெறித்தது போல ஊதா நிறத்தில் ஒரு திட்டு தெரியும். ஆக்சிஜனே இல்லாமல், வெளிச்சத்தையும் அந்த அழுகிய முட்டை வாயுவையும் வைத்துக்கொண்டு வாழ்கிற பாக்டீரியாக்கள் அவை. என் ஜன்னலில் இருக்கும் பாட்டிலில் இந்தத் திட்டு முதலில் மிளகு அளவுதான் இருந்தது. நேற்று பார்த்தபோது அதன் பக்கத்தில் இன்னொன்று.